சார்லினா பெற்ற பிரெஞ்சு விதவை

அந்தப் பண்ணையின் பெயரைச் சொல்லமாட்டேன். வாரம் தவறாமல் அதன் கேட் வழியாகத்தான் நான் இன்னும் வேன் ஓட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ராபர்ட்சன் ஊரிலிருந்து ஆற்றையொட்டிப் போகும் மண்பாதை முடிகிற இடத்தில் இருப்பதால் எங்கள் ஆட்கள் அதைக் கடைசிப் பண்ணை என்பார்கள். சார்லினா ஃபெப்ருவாரி பிறந்தது அங்கே. அவள் மகன் நெவிலைப் புதைத்ததும் அங்கே. செத்தால் அவன் பக்கத்தில் படுக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷி உலகத்திடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. என்னிடம் மதியச் சாப்பாட்டில் பாதியைக் கேட்பாள். அது வேறு கணக்கு.

நான் ஆப்ரி. ஒயின் சுற்றுலா வேனின் டிரைவர். அவள் வழிகாட்டி. முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவாள். என்னைவிட நிறைய மூத்தவள் என்பதால் நான் ஆண்ட்டி என்பேன். வேன் கிளம்பியதும் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"என் பேரு சார்லினா ஃபெப்ருவாரி. ஆமா, மாசத்தோட பேருதான். எங்க முப்பாட்டனைக் கப்பல்லேருந்து இறக்கி அடிமையா வித்தது அந்த மாசத்துல. வாங்கினவனுக்கு வேற பேரு யோசிக்கச் சோம்பல்."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பின்சீட்டுகளில் ஓர் அமைதி விழும்.

"சிரிங்க, பரவால்ல. டிக்கெட்டுலயே சேத்தாச்சு," என்பாள். அப்புறம் சிரிப்பார்கள்.

காலையில் வூஸ்டர், பிறகு ராபர்ட்சன், மெக்ரெகர், கடைசியில் மாண்டேகு என்று எங்கள் சுற்று. மாண்டேகு போகிற வழியில் பாறையைக் குடைந்த ஓட்டைக்குள் வேன் நுழையும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்ளவேண்டும், விட்டவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம் என்பது இந்த நாட்டுப் பழைய வழக்கம் என்பாள். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. எண்பது வயது ஜெர்மன்காரர்கள் எல்லாம் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெக்ரெகரில் சுண்ணாம்படித்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆவி வைத்திருந்தாள். போகப்போக வீட்டுக்காரர்களே அவளிடம் வந்து, எங்க வீட்டு ஆவி பேரு என்னன்னு சொன்னீங்க என்று கேட்டுக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் பொய் என்று அவள் நினைத்ததில்லை. கரியில் சுட்ட ரொட்டிக்குத் திராட்சைப் பாகு தடவினால்தான் விலைபோகும், ஊரை ஊராக மட்டும் காட்டினால் யார் காசு கொடுப்பார்கள் என்பது அவள் கட்சி.

ஒயினை மட்டும் ஒரு சொட்டு நாக்கில் வைக்கமாட்டாள். ஆனால் வாசனை சொல்வாள் பாருங்கள். இதில் ஆப்ரிகாட், அதில் மழை பட்ட கல், அந்தக் கோடியில் கொஞ்சம் தேன் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள். எல்லாம் மற்ற வழிகாட்டிகளிடம் காதால் வாங்கியது. ஒருநாள், ஏன் ஆண்ட்டி ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் எனக்கும் சேத்துக் குடிச்சிட்டுப் போயிட்டாரு," என்றாள்.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. அந்தக் காலத்தில் பண்ணையில் கூலியில் ஒரு பங்கு ஒயினாகத்தான் வரும். விடிந்ததும் ஒரு தகரக் குவளை, வேலைக்கு நடுவே ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஒன்று. அவள் புருஷன் டானி நல்ல வேலைக்காரன், அதனால் நிறையக் குவளை. ஈரல் அழுகித்தான் செத்தான்.

ஆனால் நெவில் போனது அதற்கு முன்னால். ஏழு வயதுப் பையன். கவாத்துக் காலம், நல்ல குளிர். அப்பாவும் அம்மாவும் மலையடிவாரத்தில் கொடி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மழையில் பண்ணை அணை நிரம்பியிருந்தது. கரையில் களிமண் எடுத்து எருது பொம்மை செய்துகொண்டிருந்த பையன் வழுக்கி விழுந்துவிட்டான். உச்சந்தலை மட்டும் தெரிந்ததாம். அவள் இதற்கு மேல் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

பண்ணையில் இருப்பவன் செத்தால் பண்ணையிலேயே புதைப்பார்கள். எல்லாப் பண்ணையிலும் அதுதான் வழக்கம். ஆற்றங்கரைச் சரிவில் வேலைக்காரர்களுக்கென்று ஓர் இடம். மேலே ஆற்றுக்கல் அடுக்கி, செத்தவர் குடித்த குவளையைக் கவிழ்த்துவைப்பார்கள். பலகை கிடைக்கவில்லை என்பதால் சார்லினா அன்றைக்கு வெட்டிய கொடிக்குச்சி இரண்டைச் சணலால் சிலுவையாகக் கட்டித் தலைமாட்டில் ஊன்றினாள். குளிர் போய் வெயில் வந்தபோது போய்ப் பார்த்தால் சிலுவை துளிர்த்திருந்தது.

"நான் முதல்ல பயந்துட்டேன் ஆப்ரி," என்று சொன்னாள். "அப்புறம் உக்காந்து அந்த இலையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். சின்னதா, மெத்துன்னு, அவன் காது மாதிரியே இருந்துச்சு."

பிறகு ஒரு வெள்ளம் வந்து அந்தச் சரிவின் கற்களையெல்லாம் உருட்டிக்கொண்டு போய்விட்டது. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அவள் போய்க் கிளறித் தேடி நெவிலின் நீலக் குவளையை மட்டும் சேற்றிலிருந்து எடுத்து, பழையபடி கொடியடியில் கவிழ்த்துவைத்தாள். அவ்வளவு பேரில் அடையாளம் மிஞ்சியது நெவிலுக்கு மட்டும்தான். வேர் பிடித்திருந்தது, வெள்ளத்தால் பிடுங்க முடியவில்லை.

டானி செத்ததும் பண்ணை வீட்டை அடுத்த வேலைக்காரனுக்குக் கொடுக்கவேண்டும் என்றார்கள். அந்தச் சமயம் ஊரில் அரசாங்கம் கட்டிய வீடு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அவள் சண்டை போடாமல் மூட்டையைக் கட்டிவிட்டாள். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் செய்த தப்பு இது. உள்ளே குடியிருக்கிறவனுக்குத்தான் உள்ளே குழி. வெளியேறிவிட்டால் சாகும்போது மட்டுமில்லை, சும்மா போய்ப் பார்ப்பதற்கே கேட்டில் நின்று கெஞ்சவேண்டும்.

"குழாய்த் தண்ணி, கரண்டு, எல்லாம் இருக்குன்னு பல்லை இளிச்சுக்கிட்டே வந்தேன்டா," என்பாள். "லாரி கேட்டைத் தாண்டினப்புறம்தான் உறைச்சுது, பிள்ளையை உள்ள வெச்சுட்டு நான் வெளிய வந்துட்டேன்னு."

பண்ணையின் கிழட்டு முதலாளி ஃப்ளோரிஸ் கிறிஸ்துமசுக்கு ஒருதரம் உள்ளே விடுவார். சில வருஷம் அதுவும் இல்லை. அப்போதுதான் பண்ணையில் ஒயின் ருசிபார்க்கும் அறை ஒன்று திறந்தார்கள். சார்லினா நேராக எங்கள் சுற்றுலாக் கம்பெனிக்குப் போய், வழிகாட்டி வேலை கேட்டாள். சேர்ந்த மாதமே, அந்தக் கடைசிப் பண்ணையில் வேன் நிற்கவேண்டும், அந்த ஒயின் மாதிரி இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது என்று கம்பெனிக்காரரைக் கரைத்துவிட்டாள். சத்தியமாக அது வாய் கொப்பளிக்கத்தான் ஆகும். ஆனால் வேன் நின்றது. வருகிறவர்கள் உள்ளே அரைமணி நேரம் ருசி பார்ப்பார்கள். அந்த அரைமணி நேரம் அவள் பின்பக்கம் சரிவில் இறங்கி, கொடியடியில் உட்கார்ந்திருப்பாள். எந்தக் கேட் அவளை வெளியே நிறுத்தியதோ அதே கேட் சனிக்கிழமைதோறும் அவளுக்காகத் தானாகத் திறந்தது. நான் பார்த்ததிலேயே அவள் அதிகமாகச் சந்தோஷப்பட்டது இந்தத் திருட்டுக்குத்தான்.

ஃப்ளோரிஸ் செத்து மகன் ரைனியர் பொறுப்பெடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை, கேட்டில் திரும்பும்போதே சரிவில் மஞ்சள் புல்டோசர் தெரிந்தது. கார் நிறுத்த இடம் ஒதுக்குகிறார்களாம். மைக்கில் சார்லினாவின் பேச்சு பாதி வார்த்தையில் நின்றுபோனது. நான் அவளைப் பார்த்தேன். வாய் திறந்தபடியே இருந்தது.

வேன் நின்றதும் அவள் எழுந்து, "இன்னிக்கு ஒயின் அப்புறம். முதல்ல ஒரு விசேஷம் காட்டறேன், வாங்க," என்றாள்.

ஹாலந்திலிருந்து வந்திருந்த கூட்டம். வரிசையாக அவள் பின்னால் இறங்கியது. ரைனியர் தானே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் அத்தனை பேரையும் கொண்டுபோய் இயந்திரத்துக்கும் கொடிக்கும் நடுவில் நிறுத்தினாள். ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்து, நீலக் குவளையை எடுத்துச் சால்வைக்குள் செருகிக்கொண்டாள். அதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

"இந்தப் பள்ளத்தாக்குலயே மூத்த கொடி இது. முன்னூறு வருஷம் ஆச்சு," என்று ஆரம்பித்தாள். "பிரான்சுல மதச் சண்டைக்குப் பயந்து கப்பலேறி வந்த ஒரு விதவை நட்டது. கையில ஒரே ஒரு பையன். வந்த கொஞ்ச நாள்லயே பையன் தண்ணியில போயிட்டான். கல்லு வெக்க வசதியில்ல. ரெண்டு கொடிக்குச்சியைச் சிலுவையாக் கட்டி ஊணினா. வெயில் வந்ததும் சிலுவை துளிர்த்துடுச்சு."

ஆவிக்கதை சொல்லும் குரல் இல்லை அது. இயந்திரத்தின் சத்தம் நின்றதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஒரு பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பையன் பேரு என்ன?" என்று அவள் கேட்டாள்.

சார்லினா கொடியின் தண்டைத் தொட்டாள். எந்தக் கேள்விக்கும் தயங்காத வாய். கொஞ்சம் கழித்து, "பியர்," என்றாள்.

"அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?"

"என்ன ஆவா. அவன் பக்கத்துலயேதான் படுத்திருக்கா. வேற எங்க போவா."

எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். ரைனியர் இறங்கி வந்து கொடியின் தண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கேமராக்களைப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே இயந்திரத்தைப் பின்னால் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ராபர்ட்சனில் கூட்டத்தை இறக்கிவிட்டதும் சார்லினா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"பாத்தியாடா ஆப்ரி? இந்த வயசுல ஒரு பிரெஞ்சுக்காரியைப் பெத்துப் போட்டுட்டேன்."

"என் பிள்ளை கிடக்கான்னு நேராச் சொல்லியிருக்கலாமே ஆண்ட்டி."

"சொன்னா? பக்கத்துப் பண்ணையில எங்க அப்பன் சமாதி இங்க இருக்குன்னு ஒரு குடும்பம் போய் நின்னுச்சு. அடுத்த வாரம் அந்த இடத்துல ஏர் ஓட்டியிருந்தான். சமாதியை ஒத்துக்கிட்டா அந்த நிலத்துல நமக்கு உரிமை வந்துடுமேன்னு பயம். நம்ம பிள்ளைன்னா உழுதுடுவான். பிரெஞ்சுக்காரி பிள்ளைன்னா குடை பிடிப்பான்."

சொன்னது சொன்னபடி நடந்தது. குடைதான் பிடித்தான். அடுத்த கோடையில் கொடியைச் சுற்றிப் பலகை மேடை போட்டு, மேஜை நாற்காலி, பெரிய வெள்ளைக் குடைகள். கொடி நடுவில் ஓர் ஓட்டை வழியாக எட்டிப்பார்த்தது. விதவையின் கொடி என்று பித்தளைப் பலகை. கறுப்பு முக்காடு போட்ட பெண் படத்தோடு பாட்டில் வந்தது. மற்றக் கம்பெனி வேன்களும் வர ஆரம்பித்தன. அவர்களுடைய வழிகாட்டிகள் கதையில் ஒரு குதிரையும் சிறுத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

சார்லினாவுக்குத்தான் அந்த அரைமணி நேரம் போய்விட்டது. முன்பு தனியாக உட்கார்ந்து அவனோடு பேசுவாள். இப்போது கூட்டத்தின் நடுவில் மைக்கோடு நின்று பிரெஞ்சுக்காரியின் துக்கத்தைச் சொல்லவேண்டும். பலகைக்குக் கீழே மகன், மேலே சீஸ் தட்டு. ஒருவன் காலாட்டிக்கொண்டே கேட்பான். அவள் கண் அவன் செருப்பிலேயே இருக்கும்.

சிலர் அழுவார்கள். அதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. பூ வைத்தார்கள். ஒரு ஜெர்மன்காரி அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது சின்ன மரக்குதிரை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நெவிலுக்கு எவனும் ஒரு பொம்மை வாங்கித் தந்ததில்ல," என்றாள் சார்லினா வேனில். "களிமண்ணுல அவனே செஞ்சுக்குவான். செத்தப்புறம் பாரு, இறக்குமதிக் குதிரை."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குப் பாறை ஓட்டையில் நுழையும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்ல மறந்துவிட்டாள்.

பிறகு கல் வந்தது. வெள்ளைச் சலவைக்கல், முழங்கால் உயரம், ஆட்டுக்குட்டி செதுக்கி, அடியில் பியர் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்த நாளில் அவள் கதையை முடிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வாய்க்கு வந்ததை உளறி முடித்துவிட்டு வந்து பார்த்தால், கைகளை மடியில் வைத்து அப்படியே இருந்தாள்.

"அவன் பேரைச் சொல்லியிருந்தா கல்லுல அவன் பேரு வந்திருக்கும், இல்ல?"

"ஏன் சொல்லல ஆண்ட்டி?"

"பொய்க்குள்ள அவனை வெக்க மனசு வரலடா."

வேனைக் கிளப்பினேன். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாத முட்டாள் நான், இன்னும் அப்படித்தான்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம். பிறகு சர்க்கரை அவள் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. கால் வீங்கி, படியேறி வேனில் உட்கார நான் தூக்கிவிடவேண்டியிருந்தது. டாக்டர் ஒன்றும் மறைக்கவில்லை. அடுத்த நாளே, ஆப்ரி, வண்டியை எடு, பண்ணைக்குப் போகணும் என்றாள். கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கைப்பையில் நீலக் குவளையை வைத்துக்கொண்டு வந்தாள்.

ரைனியர் அவளை மரியாதையாக உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கும் சுலபமாக இருக்கும். அப்படி இல்லை.

அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, அந்தப் பிரெஞ்சுக்காரி கதை நான் கட்டினது. அது என் பிள்ளை நெவிலோட சமாதி. கொடி நான் ஊணின சிலுவை. எனக்கு நாள் நெருங்கிடுச்சு. அவன் பக்கத்துல கொஞ்சம் இடம் வேணும். கல்லு வேண்டாம், பேரு வேண்டாம். மேடைக்கு அந்தப் பக்கமா, யாருக்கும் தெரியாம வெச்சாக்கூடப் போதும்," என்று சொல்லி, குவளையை மேஜைமேல் வைத்தாள்.

ரைனியர் அதை எடுத்துப் பார்த்தான். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினான்.

"நெவிலை எனக்கு ஞாபகம் இருக்கு," என்றான். "நாங்க ரெண்டு பேரும் அணைக்கரையில களிமண் எருது செய்வோம். அவன் செய்யறதுக்கு மட்டும் கொம்பு உடையாது. அவன் போனப்ப நான் ஹாஸ்டல்ல இருந்தேன். எங்க புதைச்சாங்கன்னு யாரும் எனக்குச் சொல்லல."

சார்லினா முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் வந்திருக்கும்.

"அந்தக் கொடி முன்னூறு வருஷம் இல்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் ஆண்ட்டி," என்று தொடர்ந்தான். "திராட்சைக்காரன் மகன் நான். தண்டைப் பாத்தா தெரியாதா? நீங்க பொய் சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் இயந்திரத்தை நிறுத்தினேன். நல்ல பொய். இன்னிக்கு இந்தப் பண்ணை நிக்கறதே அதுமேலதான், முப்பது குடும்பம் சாப்பிடுது. இப்ப வந்து வேற கதை சொல்றீங்க. நான் எதை நம்பறது?"

"குவளை இருக்கே ஐயா."

"இந்தக் குவளை பள்ளத்தாக்கு முழுக்க இருக்கு. கொடியடியில இருந்திருந்தா சரி. உங்க பையிலேருந்துதானே வருது."

அதை அங்கிருந்து எடுத்தது அவள் கைதான்.

"நிச்சயமாத் தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு," என்றான் ரைனியர். "மேடையைப் பிரிச்சு, தோண்டிப் பாக்கலாம். கீழ பையன் இருந்தா, நீங்க கேட்ட இடத்தைத் தரேன். எழுதியே தரேன். ஆனா தோண்டினா கொடி பிழைக்காது. வேர் அவன்மேலதானே இருக்கும். நீங்க சொல்லுங்க, தோண்டிடலாமா?"

நான், சரின்னு சொல்லுங்க ஆண்ட்டி, சரின்னு சொல்லுங்க என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெள்ளைக் குடைகளுக்கு நடுவே கொடி தெரிந்தது. அந்த வருஷம் நல்ல காய்ப்பு. ஹானபூட் என்கிற இனிப்புத் திராட்சை, மஞ்சளாகப் பழுத்துத் தொங்கியது.

"ஒருதரம் தண்ணியிலேருந்து தூக்கினேன்," என்றாள். "மறுபடி மண்ணுலேருந்து தூக்க என்னால ஆகாது. வேண்டாம் ஐயா. அது இருக்கட்டும்."

ரைனியருக்கு அவள் இதைத்தான் சொல்வாள் என்று தெரிந்திருந்தது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது. அதையும் நான் பார்த்தேன். இரண்டும் உண்மையாக இருக்கட்டும், எனக்கு என்ன. வாசல்வரை வந்து, வீட்டு விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெட்டி ஒயின் கொடுத்தான், முக்காடு போட்ட விதவை படம் ஒட்டியது. சார்லினா வாங்கிக்கொண்டாள். வழியில் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு பாட்டிலாகத் தண்ணீரில் போட்டாள். போடச் சொன்னாள் என்பதுதான் சரி, அவளுக்குக் கையைத் தூக்க முடியவில்லை.

ஊர் வரும்போது ஒன்று சொன்னாள்.

"எனக்கப்புறம் உன்னைத்தான் பேசச் சொல்லுவாங்க. கதையை மாத்திடாதே ஆப்ரி. கோபத்துல உண்மையைப் போட்டு உடைச்சிடாதே. அந்தப் பொய் நிக்கறவரைக்கும்தான் கொடி நிக்கும்."

"என்னால அதைச் சொல்ல முடியாது ஆண்ட்டி."

"நான் சொன்னேன்ல, இத்தனை வருஷம்? உனக்கு என்னடா கேடு?"

அவள் பிப்ரவரியில் செத்தாள். இதற்கும் சிரிக்கச் சொல்லியிருப்பாள். நகராட்சி இடுகாட்டில், ரயில் பாதை ஓரம், நம்பர் போட்ட வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் யாரோ லாரிக்காரன், மறுபக்கம் இன்னும் ஆள் வரவில்லை. மண்மேல் நீலக் குவளையைக் கவிழ்த்துவைத்தோம். பண்ணையிலிருந்து ஒரு கொடித்துண்டை ஒடித்து, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுபோய் நான் தலைமாட்டில் ஊன்றினேன். அது வெட்டுகிற பருவமில்லை, பச்சைத் தண்டு. தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒரு வாரத்தில் சுருண்டுவிட்டது. அடுத்த தடவை போனபோது குவளையையும் காணவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் கேட்கும்படி நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கம்பெனியில் தனியாக வழிகாட்டி வைக்கவில்லை. நீதான் பக்கத்திலேயே இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாயே என்று மைக்கை என் சட்டையில் மாட்டிவிட்டார்கள். முதல் சனிக்கிழமை. மெக்ரெகரில் ஆவிகளின் பெயரைக் குழப்பினேன். பாறை ஓட்டையில் மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார்கள். கடைசிப் பண்ணையில் கேட் தானாகத் திறந்தது.

மேடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் கல்லைப் பார்க்காமல், கொடியைப் பார்த்தபடி அவள் சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். கப்பல், விதவை, ஒரே பையன், இரண்டு குச்சி, சிலுவை துளிர்த்தது. ஒன்றும் மாற்றவில்லை. உண்மை நாக்கு நுனிவரை வந்தது, கடித்துக்கொண்டேன். கையில் குழந்தையோடு இருந்த ஓர் இளம்பெண், கன்னமெல்லாம் ஈரமாக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அம்மா அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

"அவன் பக்கத்துலயேதான் படுத்திருக்கா," என்றேன். "வேற எங்க போவா."